ஆலைகள் வாங்கும் மின்சாரமும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும்



ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைக்க வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அது நல்ல பழக்கமே. எனினும் நாட்டின் மின்சாரத்தில் வீடுகள் நுகர்வது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தொழிற்சாலைகள் நுகர்வதோ ஐந்தில் இரண்டு பங்கின் அளவு. ஆகவே வீட்டு விளக்கை மட்டும் எண்ணிப் பார்ப்பது பாதிப் பாடமே ஆகும். எஞ்சிய பாதியை இங்குக் கற்போம்.

ஆலைகள் எந்த மின்சாரத்தை வாங்கினால் நமக்கென்ன என்று சிலர் வினவக்கூடும். நம் குடும்பங்களில் அரிசி ஆலையோ அச்சகமோ நடத்துவோர் உளர். பெருநிறுவனங்களில் பணிபுரியும் மக்களும் மருமக்களும் உளர். ஓய்வுக்காலச் சேமிப்பைப் பங்குகளில் இட்டு வைத்திருப்போரும் உளர். உரிமையாளர், ஊழியர், பங்குதாரர், வாடிக்கையாளர் என்னும் நான்கு நிலைகளில் ஏதேனும் ஒன்றில் நாம் ஒவ்வொருவரும் நிற்கின்றோம். அந்நிலையிலிருந்து கேள்வி கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஆனால் பொருளறிந்து கேட்டால்தான் கேள்விக்குப் பயன் விளையும்.

1. சொற்பொருள்

எரித்தால் தீர்ந்துபோகும் நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றை விடுத்து, காற்று, வெயில், ஓடும் நீர், சாண எரிவாயு முதலியவற்றிலிருந்து பெறும் ஆற்றலை முன்னர் ‘மரபுசாரா எரிசக்தி’ என்றனர். 1992-இல் நடுவண் அரசு அமைத்த அமைச்சகமும் அப்பெயரையே தாங்கியிருந்தது. 2006-இல் அது ‘புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம்’ எனப் பெயர் மாறிற்று. இன்று வணிக உலகம் சுருக்கமாகப் ‘பசுமை மின்சாரம்’ என்கிறது.

மின்சாரத்தை அளக்கும் அலகு யூனிட். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் 1 யூனிட் செலவாகும். 1,000 யூனிட் சேர்ந்தது 1 மெகாவாட் மணி. இந்த அளவு பின்னர்த் தேவைப்படும் என்பதால் நினைவில் கொள்க.

2. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

கணக்கிற்காக, ஆண்டுக்கு 10 லட்சம் யூனிட் நுகரும் ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். மாதம் 200 யூனிட் செலவிடும் ஒரு வீடு ஆண்டுக்கு 2,400 யூனிட் கொள்ளும். எனவே அவ்வாலை ஒன்றின் நுகர்வு 400-க்கும் மேற்பட்ட வீடுகளின் நுகர்வுக்கு ஈடாகும்.

நம் நாட்டு மின்தொடரில் 1 யூனிட் மின்சாரத்திற்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதே இதற்குக் காரணம். அவ்வாறாயின் நம் கற்பனை ஆலையின் கணக்கில் ஆண்டுக்கு 7 லட்சம் கிலோ, அதாவது 700 டன் சேர்கிறது. 400 குடும்பங்களைத் தனித்தனியே மனமாற்றம் செய்வது அரிது. ஓர் ஆலை முதலாளியை இணங்கச் செய்வது அதைவிட எளிது. நிறுவனங்களை ஊக்குவிக்க வேண்டும் என்பதன் அடிப்படை இதுவே.

3. ஏரியும் வாய்க்காலும்

காற்றாலை நிற்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். ஆலை நிற்பது கோவையில். அங்குப் பிறந்த மின்சாரம் இங்கு வந்து சேர்கிறதா என்று மாணவர்கள் கேட்பர். நல்ல கேள்வி.

நம் ஊர் ஏரியை எண்ணிப் பாருங்கள். பல வாய்க்கால்களின் நீர் அதில் வந்து கலக்கிறது. மதகின் வழியே பாயும் நீரில் எந்தத் துளி எந்த வாய்க்காலுடையது என்று எவராலும் பிரித்துக் கூற இயலாது. ஆயினும் ஒவ்வொரு வாய்க்காலும் எவ்வளவு நீர் கொணர்ந்தது, ஒவ்வொரு வயலும் எவ்வளவு நீர் கொண்டது என்று கணக்கு எழுதலாம். மின்தொடரும் அத்தகையதே. பசுமை மின்சாரம் வாங்குவது என்பது, நாம் எடுக்கும் அளவிற்கு ஈடான அளவைக் காற்றோ வெயிலோ தொடருக்குள் சேர்க்கச் செய்து, அதைக் கணக்கில் காட்டுவதாகும்.

கணக்கு நேர்மையாக இருந்தால் வாங்குதலும் நேர்மையானது. கணக்கு தளர்ந்தால் ‘பசுமை’ என்பது வெறும் சொல்லாகிவிடும். இப்பாடம் முழுவதும் இக்கருத்தையே பற்றிச் செல்கிறது.

4. வாங்கும் வழிகள் நான்கு

முதல் வழி, தன் கூரையிலேயே ஆக்கிக்கொள்வது. நம் பகுதியில் 1 கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். அகன்ற தகரக் கூரையுடைய அரிசி ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் இது ஏற்றது. மின்சாரம் பிறக்குமிடத்திலேயே செலவாவதால் கணக்கில் ஐயம் எழுவதில்லை. எனினும் பெரிய ஆலையின் முழுத் தேவையையும் கூரை நிறைவு செய்யாது.

இரண்டாம் வழி, கூட்டாக உரிமை கொள்வது. 2005-ஆம் ஆண்டின் மின்சார விதிகளின்படி, நுகர்வோர் சிலர் சேர்ந்து ஒரு மின்நிலையத்தின் உரிமையில் 26 விழுக்காட்டிற்குக் குறையாமல் பெற்று, அதன் ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காட்டிற்குக் குறையாமல் தாமே நுகர்ந்தால், அது அவர்களுடைய சொந்த மின்நிலையமாகக் கருதப்படும். தனித்து முதலிட இயலாத சிறு ஆலைகளும் ஒன்றுகூடிக் காற்றாலையின் பங்காளிகளாக முடிகிறது.

மூன்றாம் வழி, நீண்டகால ஒப்பந்தம். உற்பத்தியாளரிடம் பல ஆண்டுகளுக்கு இன்ன விலையில் வாங்குவோம் என்று நிறுவனம் உறுதியளிக்கும். அந்த உறுதியைக் காட்டி உற்பத்தியாளர் வங்கியில் கடன் பெற்றுப் புதிய காற்றாலை அமைப்பார். 2010-இல் கூகுள் நிறுவனம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 114 மெகாவாட் காற்றாலை மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. இம்முறை பரவுவதற்கு அது ஒரு முன்மாதிரியாயிற்று. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இதற்குக் கதவைத் திறந்தது. முன்னர் 1 மெகாவாட்டும் அதற்கு மேலும் தேவையுடையோரே இவ்வாறு வெளியில் வாங்க இயன்றது. 2022-இல் வந்த விதிகள் பசுமை மின்சாரத்திற்கு அவ்வரம்பை 100 கிலோவாட் எனக் குறைத்தன. எனவே நடுத்தர ஆலைகளும் இன்று தகுதி பெறுகின்றன. விநியோக நிறுவனத்திடமே பசுமை மின்சாரம் வேண்டுமெனக் கோரவும் அவ்விதிகள் இடமளிக்கின்றன.

நான்காம் வழி, சான்றிதழ் வாங்குவது. காற்றோ வெயிலோ 1,000 யூனிட் தந்தால் அதற்கு ஒரு சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் 2010-இல் வகுக்கப்பட்டது. மின்சாரம் ஒருவருக்கும் சான்றிதழ் மற்றொருவருக்கும் விற்கப்படலாம். சான்றிதழை வாங்கியவர், ‘அந்த 1,000 யூனிட்டின் பசுமை எனக்குரியது’ என்று கூறிக்கொள்கிறார்.

5. நம் மாநிலத்தின் பட்டறிவு

தமிழ்நாட்டில் 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அதன் பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் உள்ள முப்பந்தல் முதல் செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதிகள் வரை அவை பெருகின. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது.

இவ்வளவு காற்றாலைகளுக்கும் முதலிட்டவர் யார்? பெரும் பங்கு நூற்பாலைகளும் பிற ஆலைகளும் இட்டதே. உலகெங்கும் ‘நிறுவனங்கள் பசுமை மின்சாரம் வாங்க வேண்டும்’ என்ற குரல் வலுப்பதற்கு முன்பே நம் ஆலைகள் அதைச் செய்யத் தொடங்கிவிட்டன. காரணம் முழுவதும் சுற்றுச்சூழல் அன்று. மின்வெட்டும் உயர்ந்த மின்கட்டணமும் ஒரு பக்கம் நெருக்கின. காற்றாலையின் விலையை வருமான வரிக் கணக்கில் விரைந்து தேய்மானமாகக் கழித்துக்கொள்ளும் சலுகை மறுபக்கம் ஈர்த்தது. 2012-இல் அச்சலுகை நிறுத்தப்பட்டது. 2014-இல் மீண்டும் தரப்பட்டது.

இதிலிருந்து ஆசிரியர்கள் நன்கறிந்த உண்மை ஒன்று தெளிவாகிறது. அறிவுரை மட்டும் பழக்கத்தை உண்டாக்காது. சூழலும் துணை நிற்க வேண்டும். கணக்கு இலாபத்தைக் காட்டியபொழுது ஆலைகள் விரைந்தன. ஆகவே ஊக்குவிக்க விரும்பும் நாம் நன்மையை எடுத்துரைப்பதோடு செலவுக் கணக்கையும் எடுத்துக்காட்டுதல் வேண்டும்.

உலக அளவில் 2014-இல் ‘ஆர்இ 100’ என்னும் முயற்சி தொடங்கியது. தம் மின்தேவை முழுவதையும் புதுப்பிக்கத்தக்க வழிகளில் பெறுவோம் என்று நிறுவனங்கள் இதில் வாக்களிக்கின்றன. 400-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இணைந்துள்ளன. நம் நாட்டு இன்ஃபோசிஸ் 2015-இல் இணைந்தது.

6. ஒப்பிட்டு நோக்குதல்

நான்கு வழிகளையும் கண்டோம். அவற்றின் பயன் ஒன்றேயா? இல்லை. ஒப்பிடுவதற்கு ஓர் உரைகல் வேண்டும். அது வருமாறு: ‘இந்நிறுவனம் வாங்கியதனால், இல்லாதிருந்த ஒரு காற்றாலையோ சூரிய நிலையமோ புதிதாக எழுந்ததா?’

கூரைத் தகடு இந்த உரைகல்லில் தேறும். புதிய காற்றாலையில் கூட்டுரிமை கொள்வதும், அது கட்டப்படுமுன் செய்யும் நீண்டகால ஒப்பந்தமும் தேறும். பல ஆண்டுகளுக்கு முன்னரே முதலைத் திரும்ப ஈட்டிவிட்ட பழைய நிலையத்தின் சான்றிதழை வாங்குவது தேறுவது கடினம். அந்த நிலையம் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கரி எரிவது ஒரு பிடியும் குறையாது.

விலையும் இதனைக் காட்டும். 2022 டிசம்பரில் சான்றிதழ்களுக்கான குறைந்தபட்ச விலை நீக்கப்பட்டது. அதன்பின் விலை ₹1,000-க்கு மிகவும் கீழே சென்றது. ஒரு சான்றிதழ் ₹400 எனக் கொண்டால், யூனிட்டுக்கு 40 காசுதான். நம் கற்பனை ஆலை 1,000 சான்றிதழ்களை ₹4 லட்சத்திற்கு வாங்கி, ‘நாங்கள் முழுப் பசுமை’ என்று பலகை வைத்துவிடலாம். சட்டப்படி அது தவறன்று. ஆனால் புதிய காற்றாலைக்கு முதலிட்ட ஆலையையும் இவ்வாலையையும் ஒரே தட்டில் வைப்பது முறையாகுமா?

இதனை உணர்ந்தே ஆர்இ 100 அமைப்பும் 2022-இல் தன் விதியைத் திருத்தியது. 2024 முதல், சில விலக்குகள் நீங்கலாக, 15 ஆண்டுகளுக்குள் இயங்கத் தொடங்கிய அல்லது புதுப்பிக்கப்பட்ட நிலையங்களின் மின்சாரமே கணக்கில் ஏற்கப்படும் என்றது. உலக நிறுவனங்கள் பின்பற்றும் வாயுக் கணக்கு நெறிமுறையும் 2015 முதல் இரண்டு கணக்குகளைக் கேட்கிறது. ஒன்று, ஆலை நிற்கும் இடத்து மின்தொடரின் சராசரிப்படி. மற்றொன்று, வாங்கிய ஒப்பந்தங்களின்படி. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் உண்மை விளங்கும்.

7. ஐயமும் தெளிவும்

*ஐயம் 1: காற்று எந்நாளும் வீசுவதில்லையே?*

உண்மை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. வைகாசி முதல் புரட்டாசி வரை காற்றாலைகள் நிறையத் தருகின்றன. ஏனைய மாதங்களில் தளர்கின்றன. ஆலையோ ஆண்டு முழுதும் ஓடுகிறது. ஆடியில் மிகுந்ததைக் கணக்கில் வரவு வைத்துத் தையில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை மின்வாரியம் நெடுங்காலம் அளித்து வந்தது. அதன் விதிகள் அவ்வப்போது மாறியுள்ளன. இங்கே மின்சாரம் எங்கும் சேமிக்கப்படுவதில்லை என்பதை அறிக. அது ஏட்டில் எழுதும் வரவு மட்டுமே. தை மாத இரவில் ஆலைக்கு வருவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரமே.

இதனால் பயனில்லை என்று முடிவு கட்டலாகாது. ஆடியில் காற்று தந்த அளவுக்கு அன்று கரி எரியாமல் நின்றது. ஆயினும் ‘ஆண்டுக் கணக்கில் 100 விழுக்காடு’ என்பதும் ‘ஒவ்வொரு மணி நேரமும் 100 விழுக்காடு’ என்பதும் வெவ்வேறு. கூகுள் நிறுவனம் 2017-இல் முதலாவதை எட்டியது. 2020-இல், 2030-க்குள் இரண்டாவதை எட்டுவதாக இலக்கு வைத்தது. காற்றையும் வெயிலையும் சேர்த்து வாங்குதல், மின்கலங்களில் சேமித்தல், இயன்ற வேலைகளைப் பகலுக்கு மாற்றுதல் ஆகியவை இதற்கு உதவும்.

*ஐயம் 2: ஆலைகள் விலகிச் சென்றால் மின்வாரியத்தின் சுமை யார் தலையில் விழும்?*

வேளாண் குடும்பங்கள் பல உள்ள நம் சமுதாயத்திற்கு இது முக்கியமான கேள்வி. ஆலைகள் உயர்ந்த கட்டணம் செலுத்துவதால்தான் எளியோருக்குக் குறைந்த கட்டணத்தில் தர முடிகிறது. வெளியில் வாங்கும் நிறுவனம் குறுக்கு மானியத்திற்கென ஒரு கூடுதல் கட்டணம் செலுத்துவது இதற்காகவே. சொந்த மின்நிலையம் உடையோருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு மிகுந்தால் அச்சுமை பிறர் மீதோ அரசின் கருவூலத்தின் மீதோ ஏறும். ஆகவே கம்பித்தடத்தைப் பயன்படுத்துவதற்குரிய நியாயமான கட்டணத்தைச் செலுத்தியே நிறுவனங்கள் பசுமை மின்சாரம் பெற வேண்டும் என்பது நம் கருத்து. பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரத்தின் செலவையும் யாரோ ஒருவர் ஏற்கின்றார் என்பதை மறக்கலாகாது.

*ஐயம் 3: நிலமும் உயிர்களும் என்னாகும்?*

2016-இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்புடையது. 1 மெகாவாட்டிற்கு ஏறக்குறைய 4 ஏக்கர் ஆகிறது. இந்நிலம் விளைநிலமாகவோ மேய்ச்சல் நிலமாகவோ ஏரி நீர்ப்பிடிப்பாகவோ இருக்குமானால் ஒரு நன்மைக்காக மற்றொரு நன்மையை இழக்கின்றோம்.

இராசஸ்தானத்திலும் குசராத்திலும் சூரிய, காற்றாலைப் பூங்காக்களிலிருந்து செல்லும் உயரழுத்த மின்கம்பிகளில் மோதிக் கானமயில் என்னும் பெரும்பறவை மடிகிறது. அவ்வினத்தில் எஞ்சியவை இருநூறுக்கும் குறைவு. 2021-இல் உச்சநீதிமன்றம் அப்பகுதிகளில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க ஆணையிட்டது. 2024-இல் அவ்வாணையைத் தளர்த்தி, வழிவகை காண வல்லுநர் குழு அமைத்தது. கரியின் தீங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. சாம்பலும் புகையும் வெப்பமும் எண்ணிறந்த உயிர்களை வருத்துகின்றன. எனினும் ‘பசுமை’ என்ற பெயர் வந்தவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. எங்கே, எந்த நிலத்தில், எதன் வாழிடத்தில் என்றும் கேட்பதே முழுமையான கேள்வி.

8. செயலில் காட்டுதல்

ஆலை உடையோர் முதலில் கடந்த 12 மாத மின்கட்டணச் சீட்டுகளைத் தொகுத்து, மொத்த யூனிட்டைக் கணக்கிடுக. வீண்செலவைக் குறைத்த பின்னரே வாங்கும் அளவை முடிவு செய்க. குறைத்த 1 யூனிட், வாங்கிய 1 யூனிட்டினும் சிறந்தது. அதன்பின் கூரை, கூட்டுரிமை, ஒப்பந்தம் என்னும் வரிசையில் ஆராய்க. சான்றிதழைக் கடைசி வழியாகக் கொள்க.

பங்குதாரர்கள் ஆண்டறிக்கையைப் பிரித்துப் படிக்க வேண்டுகிறோம். பங்குச் சந்தையில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் தம் சுற்றுச்சூழல் பொறுப்பு விவரங்களைக் கட்டாயம் வெளியிட வேண்டும் எனப் பங்குச் சந்தை வாரியமான செபி விதித்துள்ளது. மின்நுகர்வு விவரமும் அதில் அடங்கும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை, ஒரே ஒரு பங்கு உடையவருக்கும் உண்டு. ஊழியர்கள் தம் மேலாளரிடமும், வாடிக்கையாளர்கள் நிறுவனத்திற்குக் கடிதம் வாயிலாகவும் கேட்கலாம்.

கடிதம் பணிவாகவும் தெளிவாகவும் அமைதல் வேண்டும். ஒரு மாதிரி தருகின்றோம்:

‘ஐயா, வணக்கம். தங்கள் நிறுவனத்தின் பங்குதாரர் என்னும் முறையில் கீழ்க்கண்ட விவரங்களை அறிய விரும்புகிறேன். ஒன்று: சென்ற ஆண்டு நிறுவனம் நுகர்ந்த மொத்த மின்சாரம் எத்தனை யூனிட்? இரண்டு: அதில் புதுப்பிக்கத்தக்கது எவ்வளவு? மூன்று: அது கூரை, கூட்டுரிமை, ஒப்பந்தம், சான்றிதழ் ஆகியவற்றுள் எவ்வழியில் எவ்வளவு பெறப்பட்டது? நான்கு: அந்த நிலையங்கள் எந்த ஆண்டு இயங்கத் தொடங்கின? எந்த நிலத்தில் அமைந்துள்ளன? ஐந்து: அடுத்த ஐந்தாண்டுகளுக்கான இலக்கு யாது? தங்கள் நல்முயற்சிகள் பெருக வேண்டுமென்ற விருப்பத்தினாலேயே வினவுகிறேன். அன்புடன்...’

இவ்வளவே போதும். விடை வந்தால் பாராட்டி எழுதுக. வராவிடில் அடுத்த ஆண்டும் அதே ஐந்து கேள்விகளை அனுப்புக. வகுப்பில் ஒரே வினாவை மும்முறை கேட்கும் ஆசிரியருக்கு எப்படியும் ஒரு நாள் விடை கிடைத்துவிடும் என்பது நம் தொழில் கற்பித்த பாடம்.

9. பயிற்சி வினாக்கள்

1. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 50 லட்சம் யூனிட் நுகர்கிறது. 20 லட்சம் யூனிட் புதிய காற்றாலையில் கூட்டுரிமை வழியாகப் பெறுகிறது. மீதிக்குச் சான்றிதழ் வாங்கி ‘100 விழுக்காடு பசுமை’ என்கிறது. எத்தனை சான்றிதழ்கள் வாங்கியிருக்கும்? நம் உரைகல்லின்படி எத்தனை விழுக்காடு தேறும்? (விடை: 3,000, 40 விழுக்காடு.)

2. ஆண்டுக் கணக்கிற்கும் மணிக் கணக்கிற்கும் உள்ள வேறுபாட்டை ஏரி உவமையைக் கொண்டு விளக்குக.

3. தங்கள் வீட்டில் பங்கு வைத்துள்ள ஏதேனும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, மின்நுகர்வுப் பகுதியைப் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கவும். மேற்கண்ட ஐந்து கேள்விகளுள் எத்தனைக்கு அதில் விடை உள்ளது? விடை இல்லாதவற்றைக் கடிதமாக எழுதி இவ்வாரமே அஞ்சலில் சேர்க்கவும்.